தட்டிக்கு அந்தப் பக்கம்

பிப்ரவரிப் புயலில் சுவர் விழுந்தது.
அதுவரை எனக்குத் தெரியாது
பக்கத்து வீட்டுக்காரி
காலைக் காப்பியை நின்றுகொண்டே குடிப்பாள் என்று.
அவளுக்கும் தெரியாது
ராத்திரி முழுக்க டிராம் ஓட்டிவிட்டு வருகிறவன்
ஏழு மணிக்குத் தோட்டத்தில் உட்கார்ந்து
சூப் குடிப்பான் என்று.
இரண்டு பேருக்கும் கூச்சமாகப் போயிற்று.

கென்ட் நகரத்தில் செங்கல் விலை கேட்டால் தலை சுற்றும்.
காப்பீட்டுக்காரர்கள் கடிதம் மட்டும் அனுப்பினார்கள்.
மரத்தட்டி போதும், ஆளுக்குப் பாதிக் காசு,
மேலே ஐவி படரட்டும் என்றது
அவள்தான், கோடலீவ்.
குளிர்காலத்திலும் இலை உதிராதாம்,
வருஷம் முழுக்க மறைக்குமாம்.
அந்த 'முழுக்க'வை அவள் சொன்ன விதம்
எனக்குச் சுருக்கென்றது.
அதோடு பேச்சு முடிந்தது.

மூன்று நாற்று. என் பக்கம் நட்டேன்.

பட்டாணி சுருள் வீசிப் பிடிக்கும்,
அவரை சுற்றிச் சுற்றி ஏறும்,
ஐவிக்கு இரண்டும் தெரியாது.
தண்டோரம் பூரான் கால் மாதிரி வேர்கள்,
செங்கல் கிடைத்தால் ஒட்டும், மரப்பட்டையில் ஒட்டும்,
இழைத்த மெல்லிய சட்டத்தில் வழுக்கி
மண்ணிலேயே படுத்துக் கிடக்கும்.
நீதான் தூக்கிவிட வேண்டும்.
நீதான் கட்ட வேண்டும்.

கட்டினேன்.
சணல் நூல், எட்டுப் போட்டாற்போல் தளர்ந்த முடிச்சு,
தண்டு பெருக்க இடம் விட்டு.
நேரே ஏறவிடாமல் விசிறியாக விரித்து,
நுனி கிள்ளி, ஒன்றை இரண்டாக்கி.
டிராம் கைப்பிடிக்குப் பழகிய விரல்கள்;
இரண்டு தளிரை ஒடித்துவிட்டு
மன்னிப்புக் கேட்டேன்,
யாரும் கேட்கவில்லை என்ற நம்பிக்கையில்.

முதல் வருஷம் ஒரு சாண்.
இரண்டாம் வருஷம் அதற்குப் பைத்தியம் பிடித்தது.

ஒன்று மட்டும் யாரும் சொல்லவில்லை:
இளங்கொடிக்கு வெளிச்சம் ஆகாது.
என் முற்றத்தில் தெற்கு வெயில்,
அவள் முற்றத்தில் நாள் பூரா நிழல்.
சாயங்காலம் நான் திருப்பிக் கட்டிய நுனியெல்லாம்
வாரம் திரும்புவதற்குள்
ஓட்டை வழியே அந்தப் பக்கம் போய்விடும்.
தண்ணீர் என்னுடையது, உரம் என்னுடையது,
இலை அவளுடையது.
எனக்கு மிஞ்சியது தண்டும் முடிச்சும்,
பூவேலைத் துணியின் பின்பக்கம்.

ஜூன் மாதம் ஒரு காலையில்
நான் போடாத முடிச்சு ஒன்று.
நீலக் கம்பளி நூல்,
பிரித்த ஸ்வெட்டரின் நெளிவு இன்னும் போகாதது.
அந்தப் பக்கம் போன கொடியொன்றை
இழுத்து நுழைத்து
என் பக்கத்தில் கட்டியிருந்தது.

புகாரா, உன் சனியனை நீயே வைத்துக்கொள் என்று?
பங்கா?
டிராமில் சில்லறை தவறிக் கொடுத்தவனைப் போல
அன்று முழுக்க யோசித்தேன்.
பிறகு ஒரு கொடியை அவளிடம் அனுப்பினேன்.
இரண்டு வந்தது.

இப்படி ஒன்பது வருஷம்.
நீலம் தீர்ந்து கடுகு மஞ்சள் வந்தது,
ஒரு கோடை முழுக்கச் சிவப்பு.
எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்,
ஏழு மணி சூப் மட்டும் நிற்கவில்லை.
தட்டி சுவர்போல் தடித்தது.
அவள் காப்பி குடிப்பதை
இப்போது ஸ்பூன் சத்தத்தில்தான் தெரியும்.
முழுக்க மறைந்துவிட்டோம்.
அதற்குத்தானே நட்டது.

இந்த அக்டோபரில் உச்சிக் கொடி
விரல் விரித்த இலையை மறந்து
முழு இலை விட்டது, பூத்தது.
பச்சை உருண்டைப் பூ, பார்க்க ஒன்றுமில்லை,
தேனீக்கள் மட்டும் ஊர்க்கூட்டம் போட்டன.

நேற்று சூப்போடு வந்து உட்கார்ந்தால்
எதிரே பச்சையில் ஒரு சதுரம் இல்லை.
ரொட்டிப் பலகை அளவு.
வெட்டு வாயில் இன்னும் ஈரம்,
ஓரக் கொடிகளை ஒதுக்கிக் கட்டிய நூல்
மறுபடி நீலம்.
நிற்கிறவள் உயரத்தில் இல்லை அது,
உட்கார்ந்திருக்கிற என் முகத்துக்கு நேரே.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி.
ராத்திரி மழையில் கால்களெல்லாம் சேறு,
உட்காரும் பலகை மட்டும் துடைத்திருந்தது.
ஆள் இல்லை. உள்ளே எங்கோ
கெட்டில் கொதிக்கிற சத்தம்.

சதுரத்துக்குள் ஒரு பிஞ்சு நுனி
அதற்குள் தலையை நீட்டியிருந்தது.
எந்தப் பக்கம் கட்டுவது என்று தெரியாமல்
சூப் ஆறும்வரை
அதை விரலிடையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.