மூன்று இடத்தில் ஒரே கல்

அந்தப் படத்தை எடுத்தது நான்தான்.
அக்டோபர் ஒன்பது, காலை ஒன்பதே கால்.
அலசானி ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
திராட்சை அறுத்து முடித்த சரிவில் ஒரு குழி.
குழிக்குள் உச்சா, கையில் பன்றிமயிர்த் தூரிகை.
அவன் முன்னால்
கழுத்து உடைந்த ஒரு தாழி.
அவ்வளவுதான்.

இப்போது அதே படத்தில்
தாழியைக் காணோம்.
அங்கே ஒரு மண்டையோடு கிடக்கிறது,
குந்தியிருக்கும் உச்சாவின் உயரத்துக்கு.
விலா எலும்புகள் குழியைத் தாண்டிப் போகின்றன.
கீழே எழுதியிருக்கிறார்கள்:
ஜார்ஜியாவில் பதினொரு மீட்டர் மனிதன்.
விஞ்ஞானிகள் மறைத்துவிட்டார்கள்.

மறைத்தவர்களில் நானும் ஒருத்தி.
அன்று மாலை நான் மறைத்தது
பாலாடைக்கட்டி வைத்த ஒரு ரொட்டி,
முகாம் நாயின் கண்ணிலிருந்து.

சரி, பார்த்துவிடுவோம்.
மண்வெட்டியின் நிழல் மேற்கே சாய்கிறது. காலை வெயில்.
மண்டையோட்டின் நிழலோ கிழக்கே.
இரண்டு சூரியன் உதித்த நாளை
நான் மறந்திருக்க மாட்டேன்.

இடது ஓரத்தில் ஒரு கூழாங்கல்,
உதடு பிளந்ததுபோல ஒரு கீறலோடு.
அதே கீறலோடு இன்னொன்று விலாவின் அருகே.
முழங்கைக்குக் கீழே மூன்றாவது.
கல் குட்டி போடாது.

சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் அளவுகோலை
அழிக்க மறந்துவிட்டார்கள்.
ஒரு பட்டைக்கு இருபது சென்டிமீட்டர்.
வைத்து எண்ணினேன்.
பதினொன்று வரவில்லை. ஆறே முக்கால்தான்.
பொய்க்கும் அதன் விளம்பரத்துக்கும் நடுவே
நாலே கால் மீட்டர் துண்டு விழுகிறது.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு
நெடுஞ்சாலைக் கடைக்காரன் ரமாஸியிடம் போனேன்.
காசு வாங்கிக்கொண்டு அவன்தான் ஆட்களை அழைத்துப் போகிறான்,
அதுவும் எங்கள் குழிக்கு இல்லை.
அதை மூடி எட்டு வருடமாகிறது, மேலே கொடி படர்ந்துவிட்டது.
அவன் காட்டுவது
மைத்துனன் கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டிப்
பாதியில் விட்ட பள்ளம்.

நிழலைச் சொன்னேன். கல்லைச் சொன்னேன்.
வால்நட் மாலைகளை எடைபோட்டுக்கொண்டே
"தெரியும்" என்றான்.
"உங்கள் பானையைப் பார்க்க
ஒருத்தராவது வந்தார்களா, சொல்லுங்கள்."

வரவில்லை.
அமைச்சகத்திலிருந்து ஒருவர் வந்தார்,
மழை என்று வண்டியிலிருந்து இறங்கவில்லை.

இரவு, இரண்டு படங்களையும்
மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன்.
ராட்சதனின் முழங்கையை ஊன்றியிருக்கும் இடத்தில்
என் படத்தில் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது.
பதினொரு மணிக்குத்தான் அதைத் தூக்கினோம்.
அடியில்,
பிறந்து பத்து நாள் தாண்டாத குழந்தை.
தொடையெலும்பு என் நடுவிரல் நீளம்.
தலைமாட்டில் நீல மணி ஒன்று.
உச்சா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு
வாயால் ஊதித்தான் மண்ணை விலக்கினான்.

முழுப் பூசணியைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு.
இவர்கள் பூசணியை வைத்து
ஒரு பருக்கையை மறைத்துவிட்டார்கள்.
தெரிந்து செய்திருக்க மாட்டார்கள்.
முழங்கைக்கு இடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.
ஏனோ அதுதான் எனக்குக் கோபம்.

மறுப்பை எழுதி முடித்தேன்.
நிழல் இருக்கிறது, கல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது.
குழந்தையின் படத்தை மட்டும்
சேர்த்தேன், எடுத்தேன், மறுபடி சேர்த்தேன்,
எடுத்துவிட்டேன்.
யாராவது அதையும் பெரிதாக்கிவிடுவார்கள்.

உச்சாவிடம் தொலைபேசியில் சொன்னபோது
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, அந்த ராட்சதப் படத்தை
மாமியார் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகவும்
கழற்றச் சொல்லத் தைரியமில்லை என்றும் சொன்னான்.

தெலாவி அருங்காட்சியகக் கிடங்கில்
கடைசி அலமாரி, நாற்பத்தொன்றாம் தட்டு.
பஞ்சின் மேல் வைத்திருக்கிறோம்.
பார்க்க வேண்டுமென்றால் வாருங்கள், காசு கிடையாது.
தட்டு கீழே இருக்கிறது,
குனிய வேண்டியிருக்கும்.