ரிவர்ஸ் விழாத நாட்கள்

முதலில் ஒரு தயக்கம் மட்டும்தான்.
டி-யில் போட்டால்
ஒன்று, இரண்டு என்று நான் எண்ணி முடித்த பிறகு
பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி
ஒரு வெட்டு வெட்டிக் கிளம்பும்.
பழங்காநத்தம் ரவுண்டானாவில்
அந்த இரண்டு விநாடிக்குள்
மதுரை முழுக்க ஹாரன் அடித்துவிடும்.

பிறகு ஆண்டாள்புரம் பாலத்து ஏற்றத்தில்
இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில்
வழுக்கத் தொடங்கியது.
இன்ஜின் கத்தும். முள் நாலாயிரத்துக்கு ஏறும்.
கார் மட்டும்
காது கேட்காத மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும்.

இப்போது, சூடேறினால்
ரிவர்ஸ் விழுவதே இல்லை.

பசுமலை ஒச்சு அளவுக்குச்சியை உருவி
பனியன் துணியில் துடைத்தான்.
சிவப்பாக இருக்க வேண்டியது
கருகின வெல்லப்பாகாக இருந்தது.
மோந்து பார்த்துவிட்டு என்னிடமும் நீட்டினான்.
அடிப்பிடித்த வாடை.
"பெட்டிக்குள்ள தட்டெல்லாம் தேஞ்சிருச்சுக்கா.
பிரிச்சா எண்பத்தஞ்சாயிரம்.
வண்டியே அம்புட்டுக்குப் போகாது."
"ஆயிலையாவது மாத்துப்பா."
"மாத்தினா நாளைக்கே படுத்துரும்.
தேஞ்ச தூள் பூராம் அந்த ஆயில்லதான் மிதக்குது.
இப்போதைக்கு அந்த அழுக்குதான்
பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கு."

ஒரு கணம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
காசு வேண்டாமென்றான். ஐம்பது ரூபாயைத் திணித்தேன்.

என் இடது கால்
மூன்று வயதுக் காய்ச்சலில் இருந்தே நியூட்ரல்.
கிளட்ச் என்பது கேள்விப்பட்டதோடு சரி.
ஊரே மூன்று மிதியில் ஓட்டும்போது
இரண்டு மிதி வண்டிக்காக ஏழு மாதம் அலைந்து
திண்டுக்கல் டாக்டரம்மா விற்றதை வாங்கினேன்.
இரண்டாயிரத்து ஆறு மாடல். நான் மூன்றாம் கை.
முதல் ஞாயிற்றுக்கிழமை
ஒத்தக்கடை வரை போய்
யானைமலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.
"எங்க போயிட்டு வர்ற?" என்றார்கள்.
"சும்மா" என்றேன்.
அதற்கு முன்பு நான்
சும்மா எங்கேயும் போனதில்லை.

"வித்துட்டு சைடு வீல் ஸ்கூட்டர் வாங்கு"
என்கிறார் தங்கை கணவர், தேவராஜ்.
நல்ல மனுஷர்தான்.
மழையில் நனைந்து கோர்ட்டுக்குப் போய்
நாள் முழுக்க ஈரச் சேலையோடு
டைப் அடித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பின்னால் போகாத வண்டிக்கு
ஊரை வேறு மாதிரிப் படிக்க வேண்டும்.
மூக்கைச் சுவரில் முட்டி நிறுத்தக் கூடாது.
விசாரிக்காமல் சந்துக்குள் நுழையக் கூடாது.
சரிவு இருக்கிற இடமெல்லாம் சொந்தக்காரர் வீடு.
மாசி வீதியும் வெளி வீதியும் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்,
சதுரத்துக்கு வெளியே சதுரம்.
கடையைத் தாண்டிவிட்டால்
நாலு திருப்பம்,
மறுபடி அதே கடை.

தெப்பக்குளத்துப் பக்கம் நேற்று ஒரு காதுகுத்து.
மண்டபத்து வாசலில் எனக்கு முன்னால்
பாத்திரம் இறக்க டெம்போ வந்து நின்றுவிட்டது.
ஆரில் போட்டு எண்ணினேன்.
பதினொன்று வரை எண்ணினேன்.
"ஏம்மா, எடும்மா, பின்னாடி எடு!"
நியூட்ரலில் போட்டுக் கண்ணாடியை இறக்கினேன்.
"தள்ளணும்."
பந்தியிலிருந்து வந்தவர்கள்
எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
ஒற்றைக் கையால் பானட்டைத் தள்ளிப் பார்த்தார்கள்.
முடியாமல், ரெண்டு கையையும் வைத்தார்கள்.
"இறங்கிக்கங்க, கனம் குறையும்" என்றார் ஒருவர்.
இறங்கவில்லை.
காலைப் பார்ப்பார்கள் என்று இல்லை.
ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டாமா?

ஆறு முகம் என்னைப் பார்த்தபடி,
நான் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி,
எல்லாரும் சேர்ந்து
ரோட்டுக்கு வந்தோம்.

காலையில் பார்த்தால்
பானட் முழுக்க சாம்பார் விரல்கள்.
துடைக்கத் துணி எடுத்துப் போனேன்.
நேரமாகிவிட்டது, துடைக்கவில்லை.
சொசைட்டி லோன் மனு பையில் இருக்கிறது,
தொகை எழுதாமல்.

டி-யில் போட்டேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
ஒரு வெட்டு. கிளம்பிவிட்டது.
நேற்று இரண்டுதான்.