மீட்டர் எண் ஒன்று

அருங்காட்சியகத்துக்காரர்கள் கேட்டது
வாளும் காபிக் குடுவையும்.
மின்சார ஆபீஸில் என்ன கிடைத்துவிடப் போகிறது என்றுதான்
மேலாளர் என்னைக் கிடங்குக்கு அனுப்பினார்.
ராஸ் அல் மில்ஹ் ஊரின் முதல் பேரேடு,
முதல் பக்கம், முதல் வரி:
மீட்டர் எண் 1. ஷேக்கின் கடலோர மாளிகை.

எழுதியவர் கீழக்கரை சதக்கு லெப்பை.
குறிப்பு என்கிற கடைசிக் கட்டத்தில் மட்டும் தமிழ்.
வேறு யாராலும் படிக்க முடியாதென்ற தைரியம்.

முதல் மாதம் பதினோரு யூனிட்.
“வாசலில் ஒரு பல்பு, மஜ்லிஸில் ஒன்று.
வல்லூறு மிரள்கிறதாம்,
சீக்கிரமே அணைத்துவிடுகிறார்கள்.”
அடுத்த கோடையில் நூற்று நாற்பது.
“ஐஸ் பெட்டி வந்துவிட்டது.
காவல்கார பலூச்சி எனக்கும் ஒரு டம்ளர் தந்தான்.”

பிறகு எண்ணெய்.
குறிப்பெழுத நேரமில்லை லெப்பைக்கு.
இலக்கங்கள் கட்டத்துக்குள் அடங்காமல்
சுங்கச்சாவடியின் வரிக்குள் கால் நீட்டுகின்றன.
பவளக்கல் சுவரைத் துளைத்துத் துளைத்து
இருபத்தாறு ஏசி.
தொகைக் கட்டம் மட்டும் எல்லா மாதமும் காலி.
ஆள்கிறவர் வீட்டுக்கு பில் போட
எவனுக்குக் கை வரும்?

அப்புறம் ஒரு பிப்ரவரி.
மூன்று நாள் மீட்டர் ஓடவில்லை.
காரணம்: ஒரு கோடு.
ஐஸ் தண்ணீரை எழுதிய மனிதர்
இதைத் தமிழில்கூட எழுதவில்லை.

மார்ச்சில் நுகர்வோர் பெயர்
அளவுகோல் வைத்து நேராக அடிக்கப்பட்டு,
மேலே சிவப்பு மையில் வேறொன்று.
‘பின்’னுக்குப் பின்னால் உள்ள தகப்பன் பெயரை
அடிக்கவில்லை.
அடிக்கத் தேவைப்படவில்லை.

இப்போதைய அரண்மனை குன்றின் மேல்.
அதற்குத் தனித் துணைமின்நிலையம்,
மீட்டரைப் பார்க்க எங்களுக்கே அனுமதிச்சீட்டு.
பழைய மாளிகைக்கு அடுத்த மாதம் திறப்பு விழா;
சுவருக்குச் சுவர் விளக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு.
ஆள் குடியிருந்த காலத்தைவிட
வெறும் வீடு அதிகமாகத் தின்கிறது.

மூடப் போன கையில் இன்னொரு பக்கம் புரண்டது.
மீட்டர் எண் 412.
மீன் சந்தைக்குப் பின்னால், மாடியில்லாத வீடு, சிங்கிள் ஃபேஸ்.
நுகர்வோர்:
அங்கே அடிபட்ட அதே பெயர்,
இங்கே ஷேக் இல்லாமல்.
தொகைக் கட்டம் நிரம்பியிருக்கிறது.
பதினெட்டு. இருபத்திரண்டு. பதினாறு.
ஒன்பது வருஷம், ஒரு மாதம் பாக்கியில்லை.

ஓரத்தில் லெப்பையின் பொடி எழுத்து:
“இன்று தானே வந்தார்.
எழுந்து நின்றேன். உட்காரச் சொன்னார்.
வரிசையில் அவருக்கு முன்னால் நான்கு பேர்.
சில்லறை சரியாக இருந்தது.”

பேரேட்டைத் துணியில் சுற்றி
இருந்த இடத்திலேயே வைத்தேன்.
மேலாளருக்குப் போன் செய்தேன்.
தேடிவிட்டேன் சார்,
இங்கே வாள் எதுவும் இல்லை.