எழுபத்தோரு கிலோ

ஆணி என்றுதான் இங்கேயும் அதற்குப் பெயர்.
நடக்கிறவர்களுக்குக் காலில் வரும்.
வெறுங்கையால் சுவரில் பந்தடிக்கிற எங்களுக்கு
உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே,
தோலுக்கு வெகு உள்ளே,
யாரோ அறைந்துவிட்டுத்
தலையை மறைத்துப் போனது போல.

நூறு கிராம்கூட வராத தோல்பந்து.
அதைக் கல்லில் ஓங்கி அடிக்கிறாய்,
அப்புறம் வலிக்கிறது என்கிறாய்
என்றார் பால் எடுக்க வந்த லாரிக்காரர்,
கொஞ்சமும் சிரிக்காமல்.

லெய்ட்சாவில் செய்தி பரவ
ஒரு காலைப்பொழுது போதும்.
கசாப்புக்கடை எர்லான்ட்ஸ்
விரல் தடிமனில் மாட்டுக்கறித் துண்டொன்றைத்
தாளில் சுற்றித் தந்தார்:
கையில் கட்டிக்கொண்டு படு, சமைத்துவிடாதே.
படுத்தேன்.
ராத்திரி முழுக்கப் பூனை
என் கையை வணங்கிக்கொண்டிருந்தது.

மருந்துக்கடைப் பெண் பனிக்கட்டி என்றாள்.
எதிர்வீட்டு மிரென்ட்ஷு
கல் உப்பும் வெந்நீரும் என்றாள்.
இரண்டையும் செய்தேன், மாற்றி மாற்றி.
குழம்பிப்போன கை
எதற்கும் இருக்கட்டுமென்று வீங்கிக்கொண்டது.
அப்புறம் முட்டைக்கோஸ் இலை.
அப்புறம், மலைச்சரிவில் பூக்கும் மஞ்சள் பூவை
ஒலிவ எண்ணெயில் மூழ்கவைத்து
நாற்பது நாள் வெயிலில் காட்டிய சீசா.
எண்ணெய் சிவந்திருந்தது, அழகாக.
வாசனை பிடித்தது. வலி அப்படியே இருந்தது.

ஓய்வு என்கிற மருந்தை மட்டும்
ஒருவரும் கொண்டுவரவில்லை.
ஞாயிறு இறுதியாட்டம்.
அவர்களும் டிக்கெட் வாங்கியிருந்தார்கள்.

மிச்சமிருந்தது பலகை.
கையைத் தரையில் விரித்து, மேலே பலகை வைத்து,
ஒரு ஆள் ஏறி நிற்கவேண்டும்.
கட்டிய ரத்தம் வந்த வழியே திரும்பிப்போகும்.
போகும் என்பார்கள்.
டாக்டர் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்.

யார் ஏறுவது?
தம்பி ஐம்பத்தெட்டு கிலோ.
அவன் ஏறியது பலகைக்கே தெரியாது.
எர்லான்ட்ஸ் நூற்றுப்பத்து.
வைத்தியத்துக்கு அப்புறம் இன்னொரு வைத்தியம் வேண்டியிருக்கும்.
எழுபதை ஒட்டி, பாதத்தில் நிதானம் உள்ள ஆள் வேண்டும்.
யோசித்து யோசித்து வந்து நின்றது
ஒரே ஒருத்தியிடம்.

உஷுவே.
ஞாயிறு எனக்கு எதிரே ஆடப்போகிறவள்.
போன மாதம் இடது மூலையில் அவள் அடித்த பந்தை
எடுக்கப்போய் வந்ததுதான் இந்த ஆணி.

ஃபோனில் கேட்டேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பலகை என்ன நீளம், என்றாள்.

வெள்ளி இரவு, மழையோடு வந்தாள்.
ஷூவைக் கழற்றினாள். காலுறையையும்.
நான் மண்டியிட்டுக் கையை விரித்தேன்.
மூக்குக்கு நேரே அவள் கட்டைவிரல் நகம்,
கறுத்துப்போய்.
அதற்கு என்ன போடுகிறாய் என்று கேட்க நினைத்தேன்.

ஒரு கால் வைத்தாள்.
மற்றக் கால் தரையிலேயே இருந்த அந்த நொடி,
அவள் நினைத்திருந்தால்.
நினைத்தாள் என்றுதான் தோன்றுகிறது.
நானாக இருந்தால் நினைத்திருப்பேன்.

எழுபத்தோரு கிலோவும்
ஒரே சீராக இறங்கின.

அடுப்புக்கு மேலே கடிகாரம்.
இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.
ஆடுகளுக்குக் குளம்பில் சீழ், என்றாள் மேலேயிருந்து.
மயில்துத்தம் கரைத்து நிற்க வை, என்றேன்
பல்லைக் கடித்துக்கொண்டு.

இறங்கியபோது என் கை
யாருடையதோ போலத் தட்டையாகக் கிடந்தது.
பிறகு ஊசி ஊசியாக
என்னுடையதாகிக்கொண்டு வந்தது.

அவள் கிளம்பவில்லை.
ஸ்வெட்டரை முழங்கைக்கு ஏற்றி
வலது கையைத் திருப்பிக் காட்டினாள்.
நடுவிரலுக்கு அடியில், நீலமாக.

நீ எத்தனை கிலோ?
அறுபத்தெட்டு.
சாப்பிட்டாயா?
இல்லை.

ரொட்டியும் பீன்ஸ் சூப்பும் எடுத்துவைத்தேன்.
மூன்று கிலோ கூடாது என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
இருந்தாலும் அவள் காத்திருந்தாள்,
தட்டைத் துடைத்து நான் எழும்வரை,
பலகையை மடியில் வைத்துக்கொண்டு.