பெட்டி நான்கு

ஜூன் ஒன்றிலிருந்து
காலை பத்து முதல் பிற்பகல் மூன்றரை வரை
வெயிலில் வேலை வாங்கக் கூடாதென்பது சட்டம்.
தோஹாவில் அதை மதிக்கிறார்கள், பெரும்பாலும்.
ஐந்தாம் மாடித் தளத்தில்
சில்லர் அறை விழுத்தும் நிழலுக்குள்
அட்டையை விரித்து நான் படுத்திருக்கிறேன்.
பத்தடி தள்ளி
நான்கு வெள்ளைப் பெட்டிகளின் வாசலில்
யாரும் படுக்கவில்லை.
வரிசையாய் நின்று தலை குனிந்து
இறக்கையால் விசிறிக்கொண்டே இருக்கிறார்கள்.
உள்ளே குஞ்சுகளுக்கு முப்பத்தைந்து டிகிரி,
கொஞ்சம் ஏறினாலும் ஆகாதாம்.
வெளியே நாற்பத்தேழு.
என்னிடம் அறுநூறு டன் எந்திரம் இருக்கிறது.
அவர்களிடம் ஒரு வாய்த் தண்ணீர்,
கொஞ்சம் காற்று.

பெட்டிகள் வந்தது போன நவம்பரில்.
கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டல் வைத்ததாம்,
அதைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடம்,
அதைப் பார்த்து ஒரு வங்கி.
கூரை இருந்தால் தேன் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது ஊர்.
எங்கள் மேனேஜருக்கு மட்டும் ஆசை இருக்காதா?
ராணி விமானத்தில் வந்தாள்.
சுண்டுவிரல் நீளக் கூண்டு,
கூடவே ஆறு தோழியர்,
வாசலை அடைத்து ஒரு சர்க்கரைக் கட்டி,
உடல்நலச் சான்று, முத்திரை.
எனக்கு மெடிக்கல் முடியப் பதினோரு நாள்.
அவளுக்கு ஒரு மாலைப்பொழுது.

பார்த்துக்கொள்ள ரோவெனாவைப் போட்டார்கள்.
பதினான்காம் மாடியின் படுக்கைகள் அவளுடையவை.
போனில் பார்த்துத்தான் படித்தாள்.
முதல் வாரம் ஒரு கண் மூடிப்போய்
மறு கண்ணால் விரிப்புகளை மடித்தாள்.

இந்த ஊரில் பூ எங்கே, என்றேன்.
கைப்பிடிச் சுவருக்கு அப்பால் காட்டினாள்:
ஆறு வழிச் சாலையின் நடுவே நித்தியகல்யாணி,
காகிதப்பூ, அரளி,
தூரத்தில் வன்னி, இலந்தை.
ஒவ்வொன்றின் காலடியிலும் கறுப்புக் குழாய்,
சொட்டுச் சொட்டாய்.
அந்தத் தண்ணீர் கடல்.
உப்பைப் பிரித்தெடுத்து
யாரோ குளித்து, யாரோ தட்டுக் கழுவி,
சாக்கடையாகி, மறுபடி தெளிந்து,
பூ வரைக்கும் நடந்து வந்த கடல்.
பெட்டிக்குள் தித்திப்பது அதுதான்.

மே மாதம் நீச்சல் குளத்திலிருந்து புகார்.
தேனீக்களுக்குக் குளோரின் நெடி பிடித்துப்போயிற்று.
ஒரு குழந்தையின் கன்னம்.
ஒற்றை நட்சத்திரம் போட்டு ஒரு கடிதம்.
ஒரு வாரம் தருகிறேன் என்றார் மேனேஜர்,
அப்புறம் பூச்சிமருந்துக் கம்பெனி.

ஏசியின் வடிகுழாயை நான் வெட்டினேன்.
யாரிடமும் கேட்கவில்லை.
தரைத்துவாரத்துக்கு ஓடிய குளிர்ந்த வியர்வையைப்
பேக்கரித் தட்டொன்றுக்குத் திருப்பினேன்.
அவை கால் வைக்க,
பாரில் பொறுக்கிய பாட்டில் கார்க்குகள்.
மூன்று நாள் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை.
சுத்தமான தண்ணீருக்கு முகவரி கிடையாது.
நாலாம் நாள் ரோவெனா
ஒரு குவளை குளத்துத் தண்ணீரை அதில் ஊற்றினாள்.
சாயங்காலம் ஒன்று வந்தது. குடித்தது. போனது.
போய் என்ன ஆடிக் காட்டியதோ,
மறுநாள் தட்டில் கார்க்கே தெரியவில்லை.

கீழே லாபியில் குப்பி நூற்றுப்பத்து ரியால்.
லேபிளில் எங்கள் கூரை இருக்கிறது,
சில்லர்களை மட்டும் அழித்துவிட்டார்கள்.
நான் ருசித்தது ஒரே ஒரு தடவை,
உடைந்த அடையிலிருந்து,
விரலில் கிரீஸோடு.
எப்படி இருந்தது என்று ரோவெனா கேட்டாள்.
கிரீஸ் மாதிரி என்றேன்.
மூன்றாம் தடவை நக்கும்போது இல்லை.

நாளை முதல் எனக்கு லுசெயிலில் வேலை.
ஒப்படைப்புப் பதிவேட்டில் எழுதினேன்:
சில்லர் ஒன்று, ஓடுகிறது.
சில்லர் இரண்டு, ஓடுகிறது, பேரிங்கில் சத்தம்.
பம்ப் மூன்று, சீல் கசிவு.
கட்டங்கள் முடிந்த பிறகு, வெற்றிடத்தில்:
பெட்டி ஒன்று, இரண்டு, மூன்று, ஓடுகின்றன.
பெட்டி நான்கு, ஓடுகிறது, மதியம் சத்தம் அதிகம், அது சரியான சத்தம்.
வடிகுழாயைத் திரும்ப இணைக்காதே.

என் இடத்துக்கு வந்த ஓபேத்
கையெழுத்துப் போடும் முன் வரிசையை விரலால் ஓட்டிப் பார்த்தான்.
இந்த நான்கு, என்று நிறுத்தினான்,
எத்தனை டன்?