இருபத்துநாலு ஊக்குகள்

ஹெப்பாளில், விவசாயக் கல்லூரி நிலத்துக்குள்
எங்கள் டெம்போ நுழைந்தபோது மணி ஆறேகால்.
ராகி அறுத்த தாள்கள்மேல் பனி.
வாயைத் திறந்தால் எல்லோருக்கும் புகை.

ஆறு பேர் ஓடலாம்.
முதலில் வரும் நாலு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள்.
தொகை குறைந்த பள்ளிக்குக் கோப்பை.
குறைவாக வைத்திருப்பவர்கள் ஜெயிப்பதை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் நாலாவது ஆள்.
எனக்கு முன்னால் எப்சிபா, ருக்சார், பூங்குழலி.
பின்னால் இரண்டு பேர்,
எங்களில் யாராவது விழுந்தால் என்பதற்காக.

சௌபாக்யா மிஸ் தைல டப்பாவைத் திறந்து
ஆளுக்கு நாலு ஊக்கு எண்ணித் தந்தார்.
"இருபத்துநாலும் திரும்பி வரணும்."
நாங்கள் வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கோட்டில் எங்களுக்கு அடுத்த கட்டம் கோலார்ப் பள்ளி.
ஒல்லியாக ஒருத்தி,
நெஞ்சில் இருநூற்றுப் பதினேழு,
ஒரு மூலை தொங்க அதைக் கையால் அழுத்திக்கொண்டு
என்னைப் பார்த்து, "பின்னு உந்தா?"
எனக்குத் தெலுங்கு தெரியாது.
உந்தா தெரியும்.
என் கீழ்மூலையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன்.
அவள் குத்தி முடிக்கவும் துப்பாக்கி வெடித்தது.

முதல் கிலோமீட்டர் யாரும் ஓடுவதில்லை,
தள்ளிக்கொண்டு போகப்படுகிறோம்.
முழங்கை. யாரோ துப்பியது.
யாரோ ஒருத்தியின் பின்னல் என் வாயில் அடித்து
தேங்காயெண்ணெய் ருசி.
தைலமரத் தோப்பில் சருகு வழுக்கியது.
அதற்குப் பிறகுதான் கூட்டம் நூலாகப் பிரிந்தது,
என் காலின் சத்தம் எனக்குக் கேட்டது,
கூடவே இன்னொன்றும்:
ஊக்கில்லாத மூலை வயிற்றில் டப், டப், டப்.

ஏரிக்கரை ஏற்றத்தில் மிஸ் நின்றிருந்தார்,
"ஓடி! ஓடி!"
அவர் கன்னடத்தில் அது கட்டளை.
என் தமிழில் அது பாதி வாக்கியம்.
ஓடி,
பிறகு என்ன?
விலாவில் ஒரு கத்தி இறங்கியிருந்தது.
ஓடி, நின்றுவிடலாம்.
ஓடி, ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடலாம்.
ஓடி, ஓடி என்று நினைத்துக்கொண்டே
மேலே வந்துவிட்டேன்.

அங்கேதான் இருநூற்றுப் பதினேழு என்னைத் தாண்டினாள்.
எண் நெஞ்சோடு ஒட்டி அசையாமல் இருந்தது.
என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ,
பலாத்தோப்பு முழுக்க அவள் குதிகாலையே பிடித்துக்கொண்டு போனேன்,
கடைசி நூறு மீட்டரில் கண் மங்கி,
கயிறு கட்டிய சந்துக்குள் அவள் முதுகில் மோதி நின்றேன்.
ஐஸ் குச்சியில் எண் எழுதிக் கொடுத்தார்கள்.
அவளுக்கு முப்பத்தேழு.
எனக்கு முப்பத்தெட்டு.

ருக்சார் தன் முழங்கையில் பால்பென்னால் கூட்டினாள்.
ஒன்பது, பதினாலு, இருபத்திரண்டு,
என் குச்சியை வாங்கிப் பார்த்து, முப்பத்தெட்டு.
எண்பத்துமூன்று.
மூன்றாம் இடம் கோலார், எண்பத்தொன்று.
நாலாம் இடத்துக்குப் பதக்கம் கிடையாது,
கைதட்டல் உண்டு.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கழித்தல் தெரியாதவர்கள் இல்லை எங்கள் அணியில்.
ஒருத்தியை நான் முந்தியிருந்தால்
எங்களுக்கு ஒன்று குறையும், அவர்களுக்கு ஒன்று கூடும்,
எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு.
சமமானால் யாருடைய நாலாவது ஆள் முன்னால் என்று பார்ப்பார்களாம்.

சித்ரான்னம் ஆறிப்போயிருந்தது.
பூங்குழலி இரண்டு தட்டு சாப்பிட்டாள்.
எப்சிபா சாக்ஸில் ஒட்டிய புல்முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
டெம்போ ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டே வந்தாள்.
மேக்ரி சர்க்கிளில் சிக்னல் விழவும்
மிஸ் டப்பாவை மடியில் கவிழ்த்து எண்ணினார்.
இருபத்துமூன்று.
"யாருது?"

"என்னுது மிஸ். ஏரிக்கரையில் விழுந்துடுச்சு."

கோட்டில் என் பக்கத்தில் நின்றவள் ருக்சார்.
ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள்.
பிறகு கட்டைவிரலில் எச்சில் தொட்டுக்
கையிலிருந்த கணக்கைத் தேய்க்க ஆரம்பித்தாள்.
எட்டு போனது.
மூன்று போகவில்லை.