முப்பது எண்ணும் வரை

நாகர்கோவிலிலிருந்து உன் அண்ணி கேட்டாள்:
"அப்போ டாக்டருங்க கைவிட்டுட்டாங்களா?"
போன் ஸ்பீக்கரில் இருந்தது.
நீ மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாய்,
நிமிரவில்லை.
இங்கே நாற்பத்தாறு டிகிரி அக்கா என்றேன்,
வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

ஸுவைனா டாக்டர் முதல் நாள் சொன்னது
எனக்கே பாதிதான் விளங்கியது.
நோயைத் துரத்தும் மருந்தை நிறுத்துகிறோம்,
உங்களைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.
இடுப்பெலும்புக்கு ஐந்து நாள் கதிர்.
குணமாக அல்ல, கழிவறை வரை நடக்க.
நீ ஒன்றுதான் கேட்டாய்: வண்டி ஓட்டலாமா?
கூடாது என்றார்.
எதற்கும் மாறாத முகம் அதற்கு மாறியது.

பதினெட்டு வருடம் நிஸ்வா, சூர், இப்ரி என்று ஓடி
லாரி எடைமேடைகளைச் சரிபார்த்த ஆள் நீ.
சனிக்கிழமைதோறும் வீட்டுத் தராசில் ஏறுகிறாய்,
எண்ணைச் சொல்லாமல் இறங்குகிறாய்.
தராசு சரியில்லை என்கிறாய்.

மூன்று நாளுக்கு ஒரு ஒட்டு,
தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது.
பழையதை உரித்து, பசைப்பக்கம் உள்ளே வர மடித்து,
மருந்தகத்தில் எண்ணிக் கொடுக்க வேண்டும்
பத்துக்குப் பத்து.
நம் காலண்டரில் கிழமைகள் போய்விட்டன.
ஒட்டும் நாள், நடுநாள், தீரும் நாள்.
தீரும் நாள் சாயங்காலம் நீ சண்டைக்கு வருவாய்.
என் ரசத்தில்தான் குறை என்று இரண்டு மாதம் நம்பினேன்.
பேசியது வலி.
டாக்டரிடம் சொன்னதும்
இடையில் குடிக்க ஒரு மருந்து எழுதினார்;
முன்பே ஏன் சொல்லவில்லை என்று
திட்டு எனக்குத்தான்.

ஒட்டில் சூடு பட்டால்
மருந்து மொத்தமாய் உள்ளே இறங்கிவிடுமாம்.
வெயிலில் நிற்காதீர்கள் என்றார்கள்.
மஸ்கட்டில். ஜூன் மாதத்தில்.
ஆகவே இரவுக்குக் குடிமாறினோம்.
பதினொரு மணிக்கு முத்ரா கடலோரம்,
நான் ஓட்ட, நீ பக்கத்தில்
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு.
கண்ணாடியெல்லாம் வியர்வை.
துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல்
எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு சும்மா நின்றது.
நம் பேச்சு பெரும்பாலும் மலச்சிக்கல்:
அத்திப்பழம் வாங்கலாமா,
இசப்கோல் போதுமா.
கல்யாணமான புதிதில்கூட
இத்தனை அந்தரங்கம் பேசியதில்லை.

நேற்று ஒட்டும் நாள்.
சோப்பு இல்லாமல் தண்ணீர் மட்டும் தொட்டுத் துடைத்து,
காயவிட்டு,
இடது தோளுக்குக் கீழே வைத்தேன்.
வைத்த பின் உள்ளங்கையால் அழுத்தி
முப்பது எண்ணும் வரை
கையை எடுக்கக் கூடாது.
அண்ணியிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

நான் எண்ணுகிறேன்.
நீ வேண்டுமென்றே முந்திக்கொண்டு எண்ணிக்
குழப்புகிறாய்.
பதினேழில் தோளெலும்பு கையில் தட்டியது,
போன வாரம் அது இவ்வளவு மேலே இல்லை.
இருபத்திரண்டில் கேட்டாய்:
மாதக் கடைசியில் வண்டி இன்ஷூரன்ஸ் முடியுதே,
பணம் கட்டினியா?
கட்டவில்லை.
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.
மறுபடி ஒன்றிலிருந்து.